பதிலிகளின் அலமாரி

ஆன்லைனில் எட்டாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து வாங்கிய அலமாரி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அட்டைப்பெட்டியில் படுத்தபடி வந்திருக்கும். கம்பெனியிலிருந்து வந்த பையன் அரைமணி நேரத்தில் திருகாணிகளை முடுக்கி நிறுத்திவிட்டுப் போயிருப்பான். அதன் கதவில் ஓடும் மர ரேகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடது கதவில் இருக்கும் கண்ணும் சுழியும் அப்படியே வலது கதவிலும் இருக்கும். எந்த மரத்திலும் ஒரே கண் இரண்டு முறை வருவதில்லை. அது அச்சடித்த காகிதம்.

காகிதத்தின் மேல் மெலமின் என்கிற பிசின். கீழே மரத்தூளையும் செதில்களையும் பசையோடு பிசைந்து அழுத்திய பலகை. வெட்டிய ஓரத்தை மறைக்க ஒரு பிளாஸ்டிக் பட்டி. இரண்டு பலகை சேரும் மூலையில், கழுந்தும் துளையும் இருக்கவேண்டிய இடத்தில், மினிஃபிக்ஸ் என்று எல்லோரும் சொல்கிற சிறிய உலோகப் பூட்டு. கடையில் இதற்கு ‘ப்ரீலாம்’ என்று பெயர். வாங்கியவரைக் கேட்டால் “பார்ட்டிகிள் போர்டுதான், சும்மா ரெண்டு வருஷத்துக்கு” என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்வார்.

அந்த ரெண்டு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் வாசிக்க ஆரம்பித்தேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சனி ஞாயிறுகளில் இந்த மாதிரிப் பழைய அலமாரிகளைத் தேய்த்து, அடைத்து, வண்ணம் பூசி மறுபடியும் நிற்க வைப்பது பொழுதுபோக்கு. கையில் ஒட்டும் பொருளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினால் அது எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது. என்னை முதலில் கொண்டுபோய் விட்ட இடம் சோட்டா நாக்பூர்.

*

இன்றைய ஜார்க்கண்டை உள்ளடக்கிய அந்த மேட்டுநிலத்திலிருந்து நூறு வருடங்களுக்கு முன்பு இரண்டு பொருட்கள் உலகமெங்கும் போயின.

ஒன்று அரக்கு. புரசு, இலந்தை மாதிரியான மரங்களின் கிளைகளில் அடையடையாக ஒட்டிக்கொண்டு சாறுறிஞ்சி வாழும் சிறு பூச்சியின் சுரப்பு. கிளையோடு இருந்தால் கொம்பரக்கு. கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவல் போன்ற செதில்கள். அதுதான் ஷெல்லாக். ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியுருண்டையால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் பிரெஞ்சு பாலிஷ். பழைய கிராமபோன் இசைத்தட்டுகளில் அரக்குதான் பிணைப்புப் பொருள். மின்சாரம் பரவியபோது மோட்டார் சுருள்களுக்குக் காப்பாகவும் அரக்கு தேவைப்பட்டது. பூச்சியின் வேகம் பூச்சிக்கு. மின்சாரத் தொழிலின் வேகம் வேறு. விலை ஏறியது.

இன்னொன்று அப்பிரகம். காக்காய்ப்பொன் என்றும் சொல்வோம். கோடர்மா வட்டாரத்துச் சுரங்கங்களிலிருந்து தகடு தகடாக வெட்டியெடுத்துக் கப்பலேற்றினார்கள். சூட்டையும் மின்சாரத்தையும் தாங்கும் என்பதால் மின்கருவித் தொழிற்சாலைகள் அதற்குக் காத்துக் கிடந்தன.

நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில், பெல்ஜியத்தில் பிறந்த வேதியியலர் லியோ பேக்லண்ட் அரக்குக்கு ஒரு பதிலி தேடிக்கொண்டிருந்தார். பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகும் ஒரு பிசினை 1907-இல் உருவாக்கினார். அதுதான் பேக்கலைட். சில வருடங்களில், பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு பொறியாளர்கள் இந்த வகைப் பிசினில் காகிதத்தையும் துணியையும் ஊறவைத்து அடுக்கி அழுத்தினால் அப்பிரகத்துக்குப் பதிலாகக் காப்புத் தகடு கிடைக்கும் என்று கண்டார்கள். 1913-இல் சின்சினாட்டியில் கம்பெனி தொடங்கினார்கள். ‘மைக்காவுக்குப் பதில்’ என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் வைத்த பெயர்: ஃபார்மைக்கா.

நம் ஆசாரிகள் லாமினேட்டை ‘மைக்கா’ என்றும் ‘சன்மைக்கா’ என்றும் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். சன்மைக்கா ஒரு வணிகப் பெயர். அதில் துளி மைக்கா கிடையாது. எதற்குப் பதிலாக வந்ததோ அதன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபார்மைக்கா முதலில் பார்க்க லட்சணமாக இருக்காது. பீனால் பிசின் கறுப்பும் பழுப்புமாகத்தான் இறுகும். 1930களில் மெலமின் பிசின் வந்தது. மெலமினை யுஸ்டுஸ் லீபிக் 1834-லேயே தயாரித்துவிட்டார். நூறு வருடம் கழித்துத்தான் அதற்கு வேலை கிடைத்தது. அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இறுகும். அடியில் என்ன அச்சடித்திருந்தாலும் தெரியும். மரத்தின் படத்தை அச்சடித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையின் மீதி அதன்மேல்தான் நிற்கிறது. வெல்லப்பாகு இறுகிப் பாறையானாலும் அடுப்பில் வைத்தால் மறுபடி இளகும். வெந்த முட்டை என்ன செய்தாலும் பழையபடி ஆகாது. அரக்கு வெல்லப்பாகின் சாதி. ஐம்பது வருடப் பழைய பாலிஷின்மேல் ஸ்பிரிட் பட்டாலும் கரையும். புதுப் பூச்சு பழையதில் கலந்து ஒன்றாகிவிடும். பேக்கலைட்டும் மெலமினும் முட்டையின் சாதி. ஒருமுறை வெந்தால் வெந்ததுதான். பதிலியாக வந்தவை அரக்கின் எல்லா வேலைகளையும் செய்தன, அரக்கைவிட நன்றாகவே செய்தன. அரக்குக்குத் தெரிந்த ஒன்று மட்டும் அவற்றுக்குத் தெரியவில்லை: திரும்பப் போவது.

*

அலமாரியின் தோல் இப்படி வந்தது. சதை ஜெர்மனியிலிருந்து வந்தது.

ஒரு மரத்தை வெட்டி மேசை செய்யும்போது எவ்வளவு வீணாகிறது என்பதைத் தச்சுப் பட்டறையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளை, பட்டை, கோணல், ரம்பப்பொடி, இழைப்புளியிலிருந்து சுருண்டு விழும் சுருள். 1887-லேயே எர்ன்ஸ்ட் ஹப்பார்ட் என்ற ஜெர்மானியர் ரம்பப்பொடியை ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமினோடு பிசைந்து சூட்டில் அழுத்திப் பலகை செய்யலாம் என்று எழுதினார். யோசனை சரி, பசை போதவில்லை. 1918-இல் ஹன்ஸ் ஜான் என்ற பிராக் நகரத்து வேதியியலர் யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்த பிசினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1930களில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் அந்த வகைப் பசையை ‘கௌரிட்’ என்று விற்றது. மலிவு, நிறமில்லை, சூட்டில் சட்டென்று இறுகும். ஹப்பார்டின் யோசனைக்கு ஏற்ற பசைகள் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

இந்தக் கதையின் நாயகர் மாக்ஸ் ஹிம்மல்ஹேபர். 1904-இல் பிறந்தவர், பொறியாளர், போரில் விமானி. அவருடைய குடும்பப் பெயருக்கு ‘வானத்தைத் தூக்குபவர்’ என்று பொருள் வரும். 1930களில் அவரை அரித்த கேள்வி மிக எளியது: ஒரு மரம் விழுந்தால் அதில் எவ்வளவு பொருளாகிறது, எவ்வளவு அடுப்புக்குப் போகிறது? பெரும்பகுதி அடுப்புக்குப் போனது. கழிவையே பலகையாக்கும் முறையை உருவாக்கிக் காப்புரிமைகள் எடுத்தார். போர்க்காலத்தில் மரம் கிடைக்காத ஜெர்மனியில், 1941-இல் பிரேமன் நகரத்து ஆலை ஒன்று முதன்முதலாகத் தொழில்முறையில் இந்தப் பலகையை உற்பத்தி செய்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ஃப்ரெட் ஃபானி, நடுவில் கரடான செதில், இரண்டு பக்கமும் மெல்லிய செதில் என்று மூன்றடுக்குப் பலகையைக் கொண்டுவந்தார். பெயர் நோவாபான். இங்கே பழைய ஆசாரிகள் சிலர் இன்னும் பார்ட்டிகிள் போர்டை ‘நோவாபான்’ என்று சொல்வது அதனால்தான்.

அதாவது, இன்று நாம் குப்பை என்று நினைக்கும் இந்தப் பலகை, ஒரு மரத்தில் ஒரு சிராய்கூட வீணாகக் கூடாது என்ற கஞ்சத்தனத்தில் பிறந்தது.

ஹிம்மல்ஹேபரின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. அவருடைய பலகை உலகமெங்கும் பரவியது. 1971-இல் அவர் ஓர் இதழ் தொடங்கினார். கூட நின்றவர் எழுத்தாளர் ஃப்ரீட்ரிஷ் கேயார்க் யூங்கர். இயந்திர நாகரிகத்தைக் கடுமையாக விமர்சித்த நூலை எழுதியவர். இதழின் பெயரைத் தமிழில் ‘பிரியும் பாதைகள்’ எனலாம். ஐயப்படும் சிந்தனைக்கான இதழ் என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டது. இயற்கையை வெறும் கச்சாப்பொருளாகப் பார்ப்பதைக் கேள்வி கேட்ட இதழ். 2000-இல் அவர் இறந்த பிறகும் அவர் பெயரிலான அறக்கட்டளை அதை நடத்தியது. பார்ட்டிகிள் போர்டைக் கண்டுபிடித்தவரும் தொழில்நுட்பத்தின் மீது சந்தேகப்படும் இதழை நடத்தியவரும் ஒரே ஆள் என்பது முதலில் முரணாகத் தோன்றியது. வாசிக்க வாசிக்க, இரண்டும் ஒரே கவலைதான் என்று படுகிறது. மரம் வீணாகக் கூடாது.

*

அப்படியென்றால் வீண் எங்கே உள்ளே நுழைந்தது?

ஸ்வீடனில் இங்வார் கம்ப்ராட் 1943-இல் தொடங்கிய ஐகியா, தபாலில் மரச்சாமான் விற்றது. மேசையை முழுசாக அனுப்பினால் பெட்டி பெரிது, கால் உடைகிறது. 1950களின் நடுவில் ஊழியர் ஜில்லிஸ் லுண்ட்கிரன் ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றினார், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று அந்த நிறுவனம் தன் கதையைச் சொல்லும். 1956-இல் தட்டைப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதே லுண்ட்கிரன் வடிவமைத்த ‘பில்லி’ புத்தக அலமாரி 1979-இல் வந்து உலகம் முழுக்கப் போனது.

கழற்றி மாட்டும் சாமான் புதிதில்லை. 1859-இல் வந்த தோனெட் நாற்காலியை ஆறு துண்டுகளாகக் கழற்றி, ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அனுப்பினார்கள். வித்தியாசம் திருகாணி போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது. வளைத்த பீச் மரத்தில் திருகாணியைக் கழற்றலாம், மறுபடி முடுக்கலாம், நார் பிடித்துக்கொள்ளும். பார்ட்டிகிள் போர்டில் நார் தொடர்ச்சியாக இல்லை. முதல் முறை திருகாணி தனக்கு ஒரு தடம் வெட்டிக்கொள்கிறது. கழற்றும்போது அந்தத் தடத்தின் ஓரம் பொடியாக உதிர்கிறது. வீடு மாறும்போது பேக்கர்ஸ் ஆட்கள் ‘இதைக் கழட்டினா திரும்ப நிக்காது சார், நாங்க பொறுப்பில்ல’ என்று சொல்வது சோம்பேறித்தனத்தில் இல்லை. உண்மையிலேயே நிற்காது.

தண்ணீரும் அப்படித்தான். செதில்களைச் சூட்டில் நசுக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் நசுங்கிய செதில் தன் பழைய உருவத்துக்கு விரிகிறது. விரியும்போது பசைப் பிணைப்புகள் அறுகின்றன. காய்ந்த பிறகும் பழைய அளவுக்கு வராது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் வேளச்சேரித் தெருக்களில் இதைக் கண்ணால் பார்த்தேன். வெளியே போட்டிருந்த தேக்குக் கட்டில்கள் ஒரு வாரத்தில் காய்ந்து வீட்டுக்குள் போயின. பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதி, தெருமுனையிலேயே கிடந்து, மாநகராட்சி லாரியில் போயின.

இதெல்லாம் பலகையின் தலையெழுத்து என்று முடிவுகட்ட முடியாது. கிழக்கு ஜெர்மனியில், ஹெல்லராவ் பட்டறையில், 1967-இல் ருடால்ஃப் ஹார்ன் குழு ஓர் அலமாரித் தொகுப்பை வடிவமைத்தது. அதுவும் பார்ட்டிகிள் போர்டுதான். சம்பளம் வரும்போது ஒரு தட்டு வாங்கலாம், குழந்தை பிறந்தால் ஒரு மேசை சேர்க்கலாம், அடுத்த வருடம் வாங்கும் பலகையும் பழையதோடு பொருந்தும். இருபது வருடங்களுக்கு மேல் அளவு மாற்றாமல் செய்தார்கள். மென்பொருள்காரர்கள் மொழியில் சொன்னால் பழைய பதிப்போடு பொருந்துவதை உடைக்கவில்லை. ஜெர்மன் வீடுகளில் அவை இன்னும் நிற்கின்றன. பலகை வாழும். அதே அளவில் அடுத்த பலகை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் போதும்.

அந்த உறுதி சந்தையில் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கில், மெத்தை உட்பட வீட்டுச் சாமான் குப்பை 1960-இல் சுமார் 22 லட்சம் டன். 2018-இல் 121 லட்சம் டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. ரம்பப்பொடியைக்கூட வீணாக்காத தொழிற்சாலைச் சிக்கனம், வீட்டு வாசலைத் தாண்டியதும் முடிந்துபோகிறது.

பசைக்கும் ஒரு விலை இருந்தது. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின் முழுமையாக அடங்குவதில்லை. வெப்பமும் ஈரமும் இருந்தால் ஃபார்மால்டிஹைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். புது அலமாரியைத் திறந்தால் கண்ணெரிவது அதனால்தான். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த டிரெய்லர் வீடுகளில் மக்களுக்கு மூச்சு முட்டியது. பிறகு 519 டிரெய்லர்களைச் சோதித்து ஃபார்மால்டிஹைடு அளவு சாதாரண வீடுகளைவிட அதிகம் என்று கண்டார்கள். மலிவுப் பலகையால் அவசரத்தில் கட்டியவை அவை. இப்படி விட்டால் சரிவராது என்று 2010-இல் அங்கே பலகைக்கான தனிச் சட்டம் வந்தது. கையில் காசில்லாதவர்களின் மூச்சில் போய்த்தான் இந்தப் பசை முதலில் சோதிக்கப்பட்டது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

*

நம் வீட்டுக்கு இந்தப் பலகை வந்த வழியில் நீலகிரியும் இருக்கிறது.

1995-இல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாட், கூடலூர் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை கூடலூரோடு நிற்கவில்லை. நாடு முழுவதும், அகராதிப் பொருளில் எது காடோ அது காடு என்றது. அனுமதியற்ற மர ஆலைகளை நிறுத்தியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதைத் தடுத்தது. அந்த மரத்தை நம்பியிருந்த பிளைவுட் தொழில் யமுனாநகரின் பாப்லர், யூகலிப்டஸ் பக்கம் சாய்ந்தது. பெரும்பாவூரில் ரப்பர் மரம். வயலில் வளர்ந்த மரமும், ஆலைக் கழிவும், கரும்புச் சக்கையும் பலகையாயின. காட்டைக் காப்பாற்றியதில் இந்தப் பதிலிகளுக்கும் பங்குண்டு. தேக்குப் பெருமை பேசுகிறவர்கள், தமிழ்நாட்டில் வருடாவருடம் புதிதாகக் கட்டும் வீடுகள் எல்லாவற்றுக்கும் தேக்கு எங்கிருந்து வரும் என்றும் சொல்லவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் தென்காசிப் பக்கத்துக்காரர். சென்னையில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறார். என் புத்தக அலமாரியின் அடித்தட்டு ஊதியபோது அவரிடம் காட்டினேன்.

“அண்ணாச்சி, இதைச் சரிபண்ண முடியுமா?”

விரலால் ஓரத்தைச் சுரண்டினார். பொடி உதிர்ந்தது.

“தம்பி, இது மரமில்ல. மரத்தோட அஸ்தி. இதுல உளி வச்சா எனக்குத்தான் கேவலம்.”

அவர் சொன்னது தொழில் நியாயம். அவர் கற்ற வேலை நாரைப் படிப்பது. நாரில்லாத பலகையில் அவர் கண்ணுக்கு வேலையில்லை. அவருடைய அப்பா காலத்தில் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார்கள். தோலும் எலும்பும் கொதித்த பசை. நாற்றமடிக்கும், ஆனால் சுடுதண்ணீரும் ஆவியும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். கால் ஆடினால் பிரித்து மறுபடி ஒட்டலாம். 1959-இல் வந்த ஃபெவிகால் அந்தச் சட்டியை ஓரங்கட்டியது. வேலை சுலபமானது. பிரிப்பது கஷ்டமானது. அரக்கு போய் மெலமின், வஜ்ஜிரம் போய் வெள்ளைப்பசை, கழுந்து போய் மினிஃபிக்ஸ். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானது. எல்லாம் சேர்ந்தபோது பிரித்துச் சரிசெய்ய முடியாத ஓர் அலமாரி நம் கையில் இருக்கிறது. கண்ட்ரோல் இசட் இல்லாத சாமான்.

கூச்சத்தின் வரலாறும் இதோடு சேர்ந்தது. மட்ட மரத்தின்மேல் நல்ல மரத்தின் மெல்லிய தோலை ஒட்டுவது எகிப்து மன்னர் கல்லறைகளிலேயே உண்டு. அங்கே அது உயர்ந்த கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரம் மலிவாகத் தோல் உரித்ததும் அது போலித்தனத்தின் அடையாளமானது. டிக்கன்ஸ் 1864-65-இல் எழுதிய நாவலில், திடீர்ப் பணக்காரக் குடும்பத்துக்கு ‘வெனீரிங்’ என்றே பெயர் வைத்துக் கிண்டலடித்தார். 1981-இல் மிலானில் எத்தோரே சோட்சாஸும் நண்பர்களும் மெம்ஃபிஸ் என்ற பெயரில், பளீர் வண்ண லாமினேட்டை மரம் மாதிரி நடிக்கவிடாமல் லாமினேட்டாகவே காட்டிய சாமான்கள் செய்தார்கள். அவருடைய ‘கார்ல்டன்’ அலமாரி இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அதே மைக்கா நம் மெஸ் மேசையில் இருந்தால் மட்டம், மிலானில் இருந்தால் கலை.

*

ஆசாரி கைவிட்ட அந்த அடித்தட்டை நானே எடுத்துக்கொண்டேன். இந்த வேலையில் அதிசயம் ஒன்றுமில்லை. வரிசை தெரியவேண்டும், பொறுமை வேண்டும்.

ஊதிய ஓரத்தை முழுக்கக் காயவிட்டு, உதிரும் பொடியைச் சுரண்டி, நீர்த்த எபாக்சியை உறிஞ்சவிட்டு, இறுகியதும் தேய்த்துச் சமன் செய்யவேண்டும். இளகிய திருகாணித் துளையைப் பெரிதாகத் துளைத்து, மரக்குச்சியில் பசை தடவி அடித்து, காய்ந்தபின் அந்தக் குச்சியின் நடுவில் புதுத் துளை போடவேண்டும். இப்போது திருகாணி பிடிப்பது நிஜ நாரில். பிறகு மேல்பரப்பு. மெலமினில் வண்ணம் ஒட்டாது. வெந்து முடிந்த பிசின் யாரோடும் சேராது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, 150-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை மட்டும் தேய்க்கவேண்டும். காகிதம் கிழியக்கூடாது. முகமூடி கட்டாயம், அந்தத் தூசியில் என்ன இருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்து வருவது பிரைமர். வழுவழுப்பான பரப்பில் பிடிக்கும் என்று உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் நம்பிப் பூசுவதில் முக்கியமான ஒன்று, மெழுகு நீக்கிய ஷெல்லாக். ஆமாம், அதே அரக்கு. இதற்குப் பதிலாகக் கண்டுபிடித்த பிசினின் வழித்தோன்றல்மேல் இன்றைய வண்ணம் ஒட்டவேண்டுமென்றால், நடுவில் சோட்டா நாக்பூர்ப் பூச்சி வந்து உட்கார வேண்டியிருக்கிறது. பாண்டவர்களை எரிக்க அரக்கு மாளிகை கட்டிய கதையை நாம் மறக்கவில்லை. நெருப்பருகே வைத்துப் பூசாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்தால் அது அமைதியாகிவிடும். அதன்மேல் மெல்லிய இரண்டு மூன்று பூச்சு வண்ணம். கடைசியில் எல்லோரும் தவறவிடும் பகுதி: காத்திருப்பது. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வரும். புத்தகம் அடுக்கும் பலம் வர இரண்டு வாரமாவது ஆகும்.

செலவு? என் கணக்கில் புது அலமாரியின் விலையில் கால்வாசி, கூடவே இரண்டு வார இறுதிகள். நேரத்துக்குக் கூலி போட்டால் நஷ்டம்தான். அதுதான் உண்மையான பிரச்சினை. பிரித்துச் சரிசெய்வதைவிட புதிதாக வாங்குவது மலிவு என்ற நிலையை எந்த இயற்கை விதியும் உண்டாக்கவில்லை. காட்டின் விலை, பசையின் விலை, குப்பைமேட்டின் விலை எதையும் சேர்க்காமல் போட்ட கணக்கு அது. சேர்த்துப் போடும் இடங்களில் வேறு விடை வருகிறது. இத்தாலியில் சவியோலா நிறுவனம் தூக்கியெறிந்த மரச்சாமான்களைத் திரட்டி, அரைத்து, முழுக்க மறுசுழற்சி மரத்திலேயே பார்ட்டிகிள் போர்டு செய்கிறது. ஒரு மரத்தை முழுசாகப் பயன்படுத்தவேண்டும் என்ற ஹிம்மல்ஹேபரின் கணக்கு அங்கே இரண்டாவது சுற்றுக்குப் போயிருக்கிறது. நம் ஊரில் அந்தத் திரட்டல் இன்னும் பழைய பேப்பர்காரரின் வண்டி வரைக்குமே வரவில்லை. இரும்பு எடுப்பார், பிளாஸ்டிக் எடுப்பார். பார்ட்டிகிள் போர்டைக் கண்டால் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

அதுவரை நம்மால் ஆவது, கையிலிருப்பதைக் கொஞ்ச காலம் நீட்டிப்பது. இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பட்டி ஒட்டாமல் பச்சையாக விட்ட ஓரங்கள் இருக்கும். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்டவை. ஈரம் ஏறுவது அந்த வழியாக, வாடை கசிவதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான். ஒரு சின்ன டப்பா அரக்கும் பழைய பிரஷ்ஷும் போதும். அந்த ஓரங்களை இரண்டு முறை பூசி மூடுங்கள். காலுக்கடியில் கால் அங்குல ரப்பர் வையுங்கள், வீடு துடைக்கும் தண்ணீர் தொடாமல் இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு என்று வாங்கியது எட்டு வருஷம் நிற்கும்.